700 ஆண்டுப் பழைய திருவுடையில் தங்க இழையைப் பிடித்து நிறுத்துவது எது?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பழைய திருவுடையின், அதாவது கிறிஸ்தவக் குருக்கள் வழிபாட்டில் அணியும் உடையின், படத்தைப் போட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "தங்க இழையைப் பிடித்துவைத்த தையலே மேலே காணோமே, பிறகு எப்படி நிற்கிறது? நம் ஆரி, ஜர்தோசி வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கிலாந்து வேலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர்? இன்று யாராவது இப்படிச் செய்கிறார்களா?"

நான் சித்திரத் தையல் கற்றுக்கொடுப்பவள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படத்தில் இருப்பது சையன் கோப். கோப் என்பது குருக்கள் பவனிகளிலும் பெருவிழாக்களிலும் தோளில் போர்த்தி, நெஞ்சுக்கு நேரே பூட்டிக்கொள்ளும் அரைவட்ட மேலங்கி. இதை விரித்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் வரும். 1310-க்கும் 1320-க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்தது என்று கணித்திருக்கிறார்கள். அடித்துணி லினன். ஆனால் அந்த லினன் வெளியே தெரியாதபடி உடல் முழுக்க ஊசிவேலையால் மூடியிருக்கிறார்கள். பூவேலை செய்த துணி என்பதைவிட, பூவேலையே துணியாகிவிட்டது என்று சொல்வதுதான் சரி.

முதல் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் ஜரிகை இழையைத் துணிமேல் கிடத்தி, வேறொரு மெல்லிய நூலால் குறுக்கே கட்டுப்போட்டுப் பிடிப்போம். வகுப்புகளில் இதற்குக் கவுச்சிங் என்றே பெயர். தங்க இழையை ஊசியில் கோத்துத் துணிக்குள்ளே திரும்பத் திரும்ப இழுத்தால் தகடு உரிந்துவிடும், அதனால்தான் உலகத்தில் பல இடங்களிலும் இந்த வழிக்கு வந்து சேர்ந்தார்கள். இதில் ஒரு பலவீனம் உண்டு. கட்டுநூல் மேலே கிடக்கிறது. கை பட்டு, மடிப்பு உரசி, முதலில் தேய்வது அதுதான். ஒரு கட்டு அறுந்தால் இழை எழும்பிக்கொள்ளும், அப்புறம் எங்கேயாவது மாட்டி இழுபட்டுப் பக்கத்துக் கட்டும் போய்விடும். கல்யாண பிளவுஸ்களில் சில வருடத்திலேயே இதைப் பார்த்திருப்பீர்கள்.

இடைக்கால இங்கிலாந்துத் தையற்காரர்கள் கட்டுநூலை மேலே வரவே விடவில்லை. பிரேமில் இறுக்கிக் கட்டிய லினன்மேல் தங்க இழையைக் கிடத்தினார்கள். கீழிருந்து வலுவான லினன் நூலை மேலே கொண்டுவந்து, தங்க இழையைச் சுற்றி, வந்த அதே ஓட்டை வழியாகக் கீழே இறக்கினார்கள். இதுவரை கிட்டத்தட்ட எல்லாரும் செய்வதுதான். அடுத்து வருவதுதான் விஷயம்: கீழே இருக்கும் கை நூலை வெடுக்கென்று இழுக்கிறது. தங்க இழை அந்த இடத்தில் மட்டும் வளைந்து, ஓட்டைக்குள் புகுந்து, துணிக்கு அடியில் ஒரு குட்டிக் கண்ணியாக எட்டிப்பார்க்கிறது. அந்தக் கண்ணிக்குள் லினன் நூல் ஓடி அதைப் பிடித்துக்கொள்கிறது. மேலே பார்த்தால் தங்கம் மட்டும்தான். துணியைத் திருப்பினால் வரிசை வரிசையாக லினன் நூல், அதில் கோத்த மாதிரி மினுங்கும் சின்னச் சின்னத் தங்கக் கண்ணிகள். கட்டு அடியில் இருப்பதால் மேலே எவ்வளவு உரசினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. 700 வருடம் தாங்கியதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இந்தத் தையலில் ஆயுளைவிட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. இழை அடியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு இடமும் கதவின் கீல் போல மடங்கிக்கொடுக்கும். சாதாரணமாகத் தங்கத்தால் நிரப்பிய துணி பலகை மாதிரி விறைத்துவிடும். கனமான ஜர்தோசி பிளவுஸ் போட்டவர்களுக்கு அது தெரியும். இங்கே எத்தனையோ ஆயிரம் கீல்கள் இருப்பதால், தங்கத்தால் மூடிய அங்கிகூட உடம்போடு சேர்ந்து விழும், நடந்தால் அசையும். இந்த வேலையைப் புரிந்துகொள்ள அதை ஊசியில் வரைந்த ஓவியமாக மட்டும் பார்க்காதீர்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். நடக்கிற ஓர் ஆள் மேல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அசைந்துகொண்டே தெரிவதற்காகச் செய்த துணி இது. அதன் ஒவ்வொரு தீர்மானமும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒளி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இழையை எந்த இடத்தில் அடியில் இறக்குவது என்பது தையற்காரர் கையில் இருக்கிறது. இறக்கிய இடம் சின்னப் பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளங்களை வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளி வைத்தால், ஒரே தங்கப் பரப்புக்குள் நெளிகோடும் சாய்சதுரமும் உருவாகும். வேறு நிறமே வேண்டாம். ஆள் திரும்பும்போது அந்தக் கோடுகள் தெரியும், மறையும். சையன் கோப்பில் பின்னணியையும் இதே முறையில்தான் நிரப்பினார்கள், ஆனால் அங்கே கிடத்தியது வண்ணப் பட்டு நூல். உருவங்களைச் சுற்றியுள்ள கட்டங்கள் முதலில் நல்ல சிவப்பு, இடைவெளிகள் பச்சை. சிவப்பு இன்று பழுப்பாகிவிட்டது. தங்கமும் வெள்ளியும் உருவங்களின் உடைகளுக்குப் போனது. எல்லா இடத்திலும் தங்கத்தைக் கொட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முகங்களுக்கு வேறு தையல், ஸ்பிளிட் ஸ்டிச். முறுக்கேற்றாத மெல்லிய பட்டு நூலில் ஒரு தையல் போட்டு, அடுத்த தையலுக்கு ஊசியை மேலே கொண்டுவரும்போது முந்திய தையலின் நூலையே நடுவில் பிளந்து வருவது. பள்ளிக்கூடத் தையல் வகுப்பிலேயே வந்துவிடும், எளிமையானது. அதை வைத்து அவர்கள் செய்ததுதான் அசாத்தியம். கன்னத்தின் நடுவில் தொடங்கிச் சுருள் சுருளாக வெளியே போகிறார்கள். ஒரே நிறப் பட்டுதான், ஆனால் நூல் திரும்பும் திசை மாற மாற ஒளி வேறு வேறு விதமாகப் பட்டு, கன்னம் உப்பித் தெரியும். நிழலுக்கு நிறம் மாற்ற வேண்டியதே இல்லை. தலைமுடியிலும் தாடியிலும் ஒரு வரி ஒரு நிறம், அடுத்த வரி இன்னொரு நிறம் என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள், நீலம்கூட வரும். படத்தில் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். தேவாலயத்தின் பாதி இருட்டில், பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது அலையலையான முடியாகத் தெரிந்திருக்கும்.

உருவங்களின் வைப்பும் அப்படியே. அருங்காட்சியகத்தில் கோப் அங்கியை அரைவட்டமாகத் தட்டையாக விரித்து வைத்திருப்பார்கள். அதில் ஓரத்து உருவங்கள் சாய்ந்து கிடப்பதாகத் தோன்றும். அவை ஆரக்கால்கள் மாதிரி கழுத்திலிருந்து வெளிநோக்கிப் போகும்படி வரைந்தவை. போர்த்தியதும் எல்லாரும் நேராக நின்றுவிடுவார்கள். அப்புறம், அந்தக் காலத்தில் குரு பீடத்தைப் பார்த்து நிற்பார், மக்கள் பார்த்தது அவர் முதுகைத்தான். அதனால் முக்கியமான காட்சிகள் முதுகின் நடுவில் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும். சையன் கோப்பில் மரியாவுக்கு முடிசூட்டல், அதன் கீழே சிலுவையில் இயேசு, அதற்கும் கீழே அரவநாகத்தை மிதிக்கும் அதிதூதர் மிக்கேல். சுற்றிலும் திருத்தூதர்கள், சக்கரங்கள்மேல் நிற்கும் செராபீன் என்ற வானதூதர்கள். உயிர்த்த இயேசுவின் விலாக் காயத்தைத் தொடும் தோமாவும் உண்டு, நம் மயிலாப்பூரோடு சேர்த்துச் சொல்கிறோமே, அதே தோமாதான். நான் தேடித் தேடிப் பார்க்கும் இடம் அது.

தங்க இழை என்றால் கெட்டித் தங்கம் இல்லை. வெள்ளியைத் தட்டி மெலிதாக்கி, பொன்முலாம் பூசி, நாடாவாக நறுக்கி, பட்டு நூலைச் சுற்றிச் சுற்றியது. காஞ்சிபுரம் அசல் ஜரிகையும் அடிப்படையில் இந்த அமைப்புதான்: நடுவில் பட்டு, மேலே வெள்ளித் தகடு, அதன்மேல் தங்கம். அசல் ஜரிகை கைக்கு எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த இழை எப்படி வளைந்து ஓட்டைக்குள் போய் அப்படியே நின்றது என்பது உடனே புரியும்.

சரி, ஏன் இங்கிலாந்து? ஒரு நாளில் வந்த பேர் இல்லை. டரம் பேராலயத்தில் தூய கத்பர்ட்டின் கல்லறையை 1827-இல் திறந்தபோது கழுத்தைச் சுற்றித் தொங்கவிடும் நீளப் பட்டையான ஒரு ஸ்டோலும் மணிக்கட்டில் தொங்கவிடும் மேனிப்பிளும் கிடைத்தன. 909-க்கும் 916-க்கும் இடையில் செய்தவை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் செய்வித்த அரசி எல்ஃப்லேடின் பெயரும், யாருக்காகச் செய்ததோ அந்த வின்செஸ்டர் ஆயர் ஃபிரித்ஸ்டனின் பெயரும் அதிலேயே தைத்திருக்கின்றன. 1086-இல் நில அளவைக்காக எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டில் இரண்டு தங்கத் தையற்காரப் பெண்கள் வருகிறார்கள். வில்ட்ஷயரில் லியோஃப்கித், ராஜாவுக்கும் ராணிக்கும் தங்க வேலை செய்பவர். பக்கிங்ஹாம்ஷயரில் எல்ஃப்கித், ஷெரிஃப் கோட்ரிக்கின் மகளுக்குத் தங்கத் தையல் சொல்லிக்கொடுப்பதற்காக நிலம் பெற்றவர். தையல் கற்றுக்கொடுத்ததற்கு நிலம்! இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இதெல்லாம் கன்னியர் மடங்களில் பொழுதுபோக்காகச் செய்த வேலை என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. மடங்களில் செய்ததும் உண்டுதான். ஆனால் உச்சகாலமான 1250 முதல் 1350 வரை, பெரிய வேலைகள் பெரும்பாலும் லண்டன் பட்டறைகளில், ஆண்களும் பெண்களுமாகக் கூலிக்குச் செய்தவை. படம் வரைய ஓவியர், முதல் போட வணிகர், தைக்கக் கூலியாட்கள் என்று ஒரு முழுத் தொழில். 1271-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் பெரிய பீடத்துக்குச் செய்த முன்திரைக்குக் கணக்கு இருக்கிறது: நான்கு பெண்கள், மூன்றே முக்கால் ஆண்டு, கூலி 36 பவுண்டு. கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டரை பவுண்டுகூட இல்லை. 1317-இல் அரசி இசபெல்லா பாப்பரசருக்குப் பரிசளிக்க ஒரு கோப் அங்கியை, லண்டன் வணிகர் ஒருவரின் மனைவியான ரோஸ் டி பர்ஃபர்டிடமிருந்து வாங்கினார், அதற்குப் பேசிய விலை 100 மார்க், அதாவது 66 பவுண்டுக்கு மேல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பணம் யார் கையில் நின்றது என்பது தெரியும். தைத்த அந்த நான்கு பெண்களின் பெயர் எனக்கு எங்கேயும் கண்ணில் படவில்லை. பெயரோடு தெரிகிற சிலரில் ஒருவர் மேபெல். பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர்க்காரர், மூன்றாம் ஹென்றிக்கு 1240-களை ஒட்டி நிறைய வேலை செய்தவர். 1256-இல் ராஜா அந்த ஊருக்குப் போனபோது, நெடுங்காலம் திருவுடைகள் செய்துகொடுத்ததற்காக அவருக்கு ஓர் அங்கிக்கான துணியும் முயல் ரோமமும் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். முதுமையிலும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் புகழுக்கு மேத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. 1246-இல் பாப்பரசர் நான்காம் இன்னசென்ட், ஆங்கிலேயக் குருக்கள் சிலரின் உடையில் இருந்த தங்க வேலையைப் பார்த்து எங்கே செய்தது என்று விசாரித்தார். இங்கிலாந்து என்றதும், அங்குள்ள சிஸ்டர்சியன் மடத் தலைவர்களுக்குக் கடிதம் போட்டு, அந்த மாதிரி வேலைகளை அனுப்பச் சொன்னார். லண்டன் வணிகர்களுக்கு இது கொஞ்சமும் வருத்தமில்லை, கேட்ட விலைக்கு விற்றார்கள் என்று மேத்யூ பாரிஸ் எரிச்சலோடு எழுதுகிறார். 1295-இல் எடுத்த பாப்பரசரின் கருவூலப் பட்டியலில் 'ஓபுஸ் ஆங்கிலிக்கானும்', அதாவது இங்கிலாந்து வேலை, 100 தடவைக்கு மேல் வருகிறது. அதனால்தான் நல்ல கோப்புகளைப் பார்க்க இன்றும் இத்தாலிக்குப் போக வேண்டியிருக்கிறது. பாப்பரசர் நான்காம் நிக்கோலாஸ் 1288-இல் தன் சொந்த மாவட்டமான அஸ்கோலி பிச்சேனோவின் பேராலயத்துக்குக் கொடுத்தது ஒன்று. அது 1902-இல் திருட்டுப்போய், அமெரிக்கச் செல்வந்தர் ஜே. பி. மார்கன் கைக்கு விலைக்கு வந்து, திருட்டுப்பொருள் என்று தெரிந்தபின் அவரால் இத்தாலிக்கே திருப்பித் தரப்பட்டது. பியென்சா ஊரில் இன்னொன்று, பாப்பரசர் இரண்டாம் பயஸ் 1462-இல் அந்த ஊர்ப் பேராலயத்துக்குக் கொடுத்தது.

பிறகு ஏன் நின்றது? 1348-இல் கொள்ளைநோய் வந்து லண்டனில் ஏராளமானோர் செத்தார்கள், கைதேர்ந்தவர்களும் போனார்கள். ரசனையும் மாறியது. இத்தாலிய வெல்வெட் வந்ததும், முழுத் துணியையும் தைத்து மூடுவதை விட்டு, உருவங்களைத் தனியாக லினனில் தைத்து, வெட்டி, வெல்வெட்மேல் ஒட்டித் தைப்பது வேகமாகவும் மலிவாகவும் இருந்தது. தங்கத்தை மேலே கட்டுப்போடும் சாதாரண முறைக்கே திரும்பினார்கள். 15-ஆம் நூற்றாண்டில் முதலிடம் பர்கண்டி, பிளாண்டர்ஸ் பக்கம் போய்விட்டது. அங்கே தங்க இழைகளைக் கிடையாக நெருக்கி வைத்து, அதன்மேல் வண்ணப் பட்டால் கட்டுப்போட்டு, கட்டுகளை நெருக்கியும் விலக்கியும் நிழல் காட்டினார்கள். தங்கக் கம்பளி அணி என்ற பிரபுக்கள் சங்கத்துக்காகச் செய்து, இப்போது வியன்னாவில் இருக்கும் திருவுடைகள் அதன் உச்சம். ஓவியத்தையே தோற்கடிக்கும் நுணுக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் துணியாக எனக்கு அது பழைய இங்கிலாந்து வேலைக்கு ஈடாகத் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் மிச்சமிருந்ததை 16-ஆம் நூற்றாண்டுச் சமய மாற்றம் தின்றது. எட்டாம் ஹென்றியும் ஆறாம் எட்வர்டும் தேவாலயச் சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது, தங்கத்தைப் பிரிக்கத் திருவுடைகளை எரித்தார்கள். தப்பியவை பல, வெட்டியதால் தப்பியவை. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் ஸ்டீப்பிள் ஆஸ்டன் கோப் அங்கியை வெட்டிப் பீடத்துக்குத் திரையாக்கினார்கள். அதில் குதிரைமேல் அமர்ந்து லூட் என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டும் ஒரு வானதூதர் பிழைத்திருக்கிறார். சிவப்பு வெல்வெட்டில் செய்த பட்லர் பவுடன் கோப் அங்கியைத் துண்டு போட்டு வேறு உடைகளாக்கியிருந்தார்கள், பிற்காலத்தில் திரும்பச் சேர்த்துத் தைத்தார்கள். அதன் சிறுத்தை முகங்களில் சிறுமுத்துகள் பதித்திருந்தன. வெல்வெட்டின் ரோமத்தில் தையல் புதைந்துவிடாமலிருக்க அதன்மேல் மெல்லிய துணியைப் பரப்பித் தைத்திருக்கிறார்கள், நம் எம்பிராய்டரி மெஷின்காரர்கள் டர்க்கி டவலுக்கு மேலே ஷீட் போடுவது இதற்காகத்தான்.

சையன் கோப் முழுதாகக் கிடைத்ததற்கு அந்தப் பெயர் தந்த கன்னியர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஐந்தாம் ஹென்றி 1415-இல் நிறுவிய சையன் மடத்துக் கன்னியர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, பிளாண்டர்ஸ், பிரான்ஸ் என்று அலைந்து 1594-இல் லிஸ்பனில் தஞ்சமடைந்தார்கள். இந்த அங்கி அவர்களிடமே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தது, 1864-இல் அருங்காட்சியகம் வாங்கியது.

கடைசிக் கேள்வி, இன்று யாராவது செய்கிறார்களா. முழு அங்கி அளவில் யாரும் செய்வதாக நான் கேள்விப்படவில்லை. கூலிக்கணக்கு கட்டாது. ஆனால் வரலாற்றுத் தையலில் ஆர்வமுள்ளவர்கள் சிறு துண்டுகளில் செய்கிறார்கள், நானும் மாணவிகளுக்கு உள்ளங்கை அளவு துண்டில் செய்யவைப்பேன். முயல விரும்பினால் சில விஷயங்கள். அடித்துணி நெருக்கமான லினன், அதுவும் இரட்டையாக. பருத்தியில் ஓட்டை தளர்ந்து கண்ணி மேலே ஏறிவிடும். வளையத்தில் வைக்காதீர்கள், ஆரிக்குக் கட்டுவது மாதிரி நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய பிரேம் வேண்டும், ஏனென்றால் ஒரு கை முழு நேரமும் கீழேயே இருக்க வேண்டும். கட்டுநூலாக லினன் நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். இழைக்கு பிளாஸ்டிக் ஜரிகை ஆகவே ஆகாது, இழுத்த இடத்தில் நிற்காமல் நிமிர்ந்துவிடும். பட்டு நடுவில் வைத்த வெள்ளி ஜரிகை கொஞ்சம் கிடைத்தால் போதும். ஊசி இழையின் பருமனுக்குச் சற்றே பெரிய ஓட்டை போட வேண்டும், ரொம்பச் சின்ன ஊசி என்றால் இழை உள்ளே இறங்காது. நூலைச் செங்குத்தாகக் கீழே இழுங்கள். சாய்த்து இழுத்தால் லினன் நூல் அறுந்துவிடும். சரியாக இறங்கியதா என்று மேலே பார்த்துத் தெரியாது, கீழ்விரலால் தடவிப் பாருங்கள், கண்ணி நெருடும்.